கிடைத்ததைப் போடாதே!

தீபாவளி வந்துவிட்டால் பையன்களின் கையில் பொட்டு வெடித் துப்பாக்கி ஏறிவிடும். 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் புகை. மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி. அவ்வளவுதான். துப்பாக்கி தகரமாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும், சத்தம் போடுவது அந்தச் சின்னப் பொட்டுதான்.

அந்தப் பொட்டுக்கு ஓர் அண்ணன் உண்டு. அவன் நிஜத் துப்பாக்கியின் தோட்டாவில் குடியிருக்கிறான். அவன் பெயர் பிரைமர்.

தம்பி விளையாட்டுப் பிள்ளை. அண்ணன் அப்படி அல்ல!

சென்ற முறை அமெரிக்கா போயிருந்தபோது இந்த அண்ணனை நேரில் பார்த்தேன். டெக்சாஸ் மாநிலத்தில் என் தங்கை மகன் குடியிருக்கிறான். அவனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில் மரமேஜை போட்டு, நம் ஊர்த் தட்டான் பட்டறை மாதிரி வைத்திருந்தார். சின்னத் தராசு. கையால் இழுத்து அழுத்தும் ஓர் இரும்பு யந்திரம். டப்பா நிறையப் பித்தளைக் கூடுகள்.

"இவர் என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்டேன்.

"தொழில் இல்லை, மாமா. தோட்டா செய்கிறார். மான் வேட்டைக்கு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் தோட்டா செய்வதா? போலீசு பிடிக்காதா?

பிடிக்காது. சுட்டு முடித்த வெற்றுக் கூட்டை எடுத்து, மறுபடி பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா ஆக்குவது அமெரிக்காவில் பழைய வழக்கம். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்சு தேவை இல்லை. செய்து விற்றால்தான் லைசென்சு வேண்டும்.

நம் நாட்டில் கதையே வேறு. தோட்டா வாங்குவதற்கே லைசென்சு வேண்டும். லைசென்சு இல்லாமல் தோட்டா செய்வது, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மேஜை போட்டு உட்கார்ந்துவிட வேண்டாம்.

அப்படியானால் நமக்கு எதற்கு இந்தக் கதை? நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கொட்டகைக்குள் நம் பேரப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். அது ஒன்று. இன்னொன்றும் உண்டு. நம்மவர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இது இல்லாவிட்டால் அதைப் போட்டுச் சமாளித்துவிடுவோம். அந்தக் கெட்டிக்காரத்தனம் எந்த இடத்தில் ஆளைக் கொல்லும் என்பதை அந்த மேஜையில்தான் நான் கண்டேன்.

குருவி தந்த யோசனை

தோட்டாவில் நான்கு சாமான்கள். பித்தளைக் கூடு. அதன் அடியில் பிரைமர். கூட்டுக்குள் மருந்து. வாயில் குண்டு.

பிரைமர் என்பது ஒரு குட்டிக் கிண்ணம். துவரம்பருப்பு அகலம்தான் இருக்கும். அதற்குள் ஒன்றிரண்டு அரிசிமணி எடைக்கு ஒரு மருந்து. அதன்மேல் சின்னப் பட்டடை ஒன்று. விசையை இழுத்தால் துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் ஓங்கிக் குத்தும். கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் நடுவே மருந்து நசுங்கும். நசுங்கினால் நெருப்பு! அந்த நெருப்பு ஒரு துளை வழியாகக் கூட்டுக்குள் பாய்ந்து பெரிய மருந்தைக் கொளுத்தும்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? படைத்தளபதி அல்ல. ஒரு பாதிரியார்!

ஸ்காட்லாந்தில் அபர்தீனுக்குப் பக்கத்தில் பெல்ஹெல்வி என்று ஓர் ஊர். அங்கே அலெக்சாண்டர் போர்சைத் என்ற பாதிரியார் இருந்தார். பறவை வேட்டையில் அவருக்குப் பிரியம். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் தட்டி நெருப்பு உண்டாகும். முதலில் வெளியே 'பளிச்' என்று ஒரு வெளிச்சம். பிறகுதான் வெடி. அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் பறவை உஷாராகிப் பறந்துவிடும். பாதிரியாருக்கு எரிச்சல்!

1800-இல் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர், தட்டினால் வெடிக்கும் பாதரச உப்பு ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார். அந்தச் சோதனைகளில் அவரே காயம்பட்டவர். இந்த மாதிரித் தட்டினால் வெடிக்கும் மருந்துகளைப் பாதிரியார் கையில் எடுத்தார். 1807-இல் தம் துப்பாக்கி விசைக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். நெப்போலியன் 20,000 பவுன் தருவதாக அவருக்கு ஆசை காட்டினான், அவர் மறுத்துவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு.

பிறகு 1866 வாக்கில் இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமரைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் அமெரிக்கர் பெர்தான். மற்றவர் ஆங்கிலேயர் பாக்சர். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் நிலைத்தது ஆங்கிலேயரின் பிரைமர். ஐரோப்பாவில் பரவியது அமெரிக்கரின் பிரைமர்! பாக்சர் பிரைமருக்குக் கூட்டின் நடுவே ஒரே துளை. ஒரு குச்சியை விட்டு அழுத்தினால் பழைய பிரைமர் வெளியே வந்துவிடும். பெர்தான் கூட்டில் நடுவே பட்டடை. அதன் இரு பக்கமும் துளை. எடுப்பது பெரும்பாடு. வீட்டில் தோட்டா செய்கிறவர்கள் பாக்சர் கூட்டையே தேடுவதற்குக் காரணம் இதுதான்.

பொருந்துகிறதே என்று ஏமாறாதே

இனி பிரைமரைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

பிரைமரில் பெரியது, சிறியது என்று இரண்டு அளவு. பெரியதன் குறுக்களவு 0.210 அங்குலம். சிறியது 0.175 அங்குலம். ரைபிளுக்கு என்று தனி, கைத்துப்பாக்கிக்கு என்று தனி. ஆக நான்கு வகை.

பெரிய வகையில் ரைபிள் பிரைமர் கொஞ்சம் உயரம் அதிகம். கைத்துப்பாக்கிக் கூட்டில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும். "நான் இந்த வீட்டுக்காரன் இல்லை" என்று அதுவே சொல்லிவிடும்.

சிறிய வகை அப்படி அல்ல. இரண்டும் ஒரே அகலம். ஒரே உயரம். கைத்துப்பாக்கிப் பிரைமர் ரைபிள் கூட்டில் கச்சிதமாக உட்காரும். கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. விரலுக்கும் தெரியாது.

அதுதான் மோசம்!

கைத்துப்பாக்கிப் பிரைமரின் தகடு மெல்லியது. கைத்துப்பாக்கியின் ஊசி மெதுவாகக் குத்தும். அதற்கு ஏற்ற தகடு. ரைபிளுக்குள் எழும் அழுத்தமோ பயங்கரமானது. முப்பது-ஆறு என்று அமெரிக்கர்கள் சொல்லும் பிரபலமான ரைபிள் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. காரின் டயரில் இருப்பது முப்பது சொச்சம் பவுண்டுதான். அந்த அழுத்தத்தில் மெல்லிய தகடு ஓட்டையானால் என்ன ஆகும்? கொதிக்கும் வாயு பின்பக்கமாகப் பீறிட்டு வரும். பின்பக்கத்தில் இருப்பது என்ன? சுடுகிறவன் கண்!

இதைக் கேட்டபோது எனக்கு நம் வீட்டுப் பியூஸ் கம்பி நினைவுக்கு வந்தது. பியூஸ் போய்விடும். சரியான கம்பி வீட்டில் இருக்காது. கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றி வைப்போம். விளக்கு எரியும். "பார்த்தாயா என் சாமர்த்தியத்தை!" என்று மனைவியிடம் மார் தட்டுவோம். விளக்கு எரிகிறது என்பதற்காக அது சரியான கம்பி ஆகிவிடுமா? சுவருக்குள் ஒயர் பழுக்கும்போதல்லவா தெரியும்!

பொருந்துவது வேறு. பொருத்தமானது வேறு.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 'மேக்னம்' என்று ஒரு பிரைமர் வருகிறது. அதன் நெருப்பு அதிகம். மருந்து நிறையப் பிடிக்கும் பெரிய தோட்டாவுக்கும், சுலபத்தில் தீப்பிடிக்காத மருந்துக்கும் அது வேண்டும். சாதாரணப் பிரைமருக்குச் சொன்ன அதே மருந்தளவில் மேக்னத்தை வைத்தால் அழுத்தம் ஏறிவிடலாம். கம்பெனிக்குக் கம்பெனியும் வித்தியாசம் உண்டு. ஒருவர் தகடு மென்மை. இன்னொருவர் தகடு கெட்டி.

ஆகவே மருந்துக் கம்பெனிகளும் குண்டுக் கம்பெனிகளும் புத்தகம் போட்டிருக்கிறார்கள். இன்ன கூடு, இன்ன பிரைமர், இன்ன மருந்து, இன்ன குண்டு. இதிலிருந்து ஆரம்பி, இதைத் தாண்டாதே என்று எழுதியிருக்கும். நான்கில் ஒன்றை மாற்றினாலும் மறுபடி குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒன்று பிரைமராக இருந்தாலும் சரி.

அந்தப் பெரியவர் புத்தகத்தைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பல வருஷம் செய்த கை. ஆனாலும் பக்கத்தில் விரலை வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி படித்தார். எனக்கு மனப்பாடம் என்கிறவனை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

பஞ்சம் வந்த கதை

2020-இல் கொரோனா வந்தது. அமெரிக்காவில் ஜனங்கள் துப்பாக்கிக் கடைகளில் குவிந்தார்கள். தோட்டா கிடைக்கவில்லை. கிடைக்காததால் நாமே செய்துகொள்வோம் என்று பலர் கிளம்பினார்கள். பிரைமரும் கிடைக்கவில்லை! பழம்பெரும் ரெமிங்டன் கம்பெனி அந்த வருஷம் ஜூலையில் திவால் மனுக் கொடுத்தது. பிரைமர் விலை எங்கேயோ போயிற்று. 2022 வரையிலும் பஞ்சம் சரியாகத் தீரவில்லை.

பஞ்ச காலத்தில் மனிதன் என்ன செய்வான்? அரிசி இல்லாவிட்டால் கேழ்வரகு. சர்க்கரை இல்லாவிட்டால் வெல்லம். அதே புத்தி இங்கேயும் வந்தது. ரைபிள் பிரைமர் இல்லையா? கைத்துப்பாக்கிப் பிரைமர் போட்டால் என்ன? பக்கத்து ஊரில் ஒருவன் போட்டானாம், ஒன்றும் ஆகவில்லையாம் என்று பேச்சு.

அடுப்பங்கரையில் இந்தப் புத்தி தங்கம். குடும்பத்தை நடத்துகிற ஒவ்வொரு தாயும் இதை வைத்துத்தான் மாதக் கடைசியைத் தாண்டுகிறாள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் சோறு குழைந்தால் மறுநாள் சரி செய்யலாம். கண் போனால்?

இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சரியான பிரைமர் இல்லையா? அந்த வருஷம் வேட்டைக்குப் போகாதே. மான் எங்கேயும் ஓடிவிடாது. ஓடினாலும் நஷ்டம் இல்லை!

துருத்தினால் அபாயம்

பிரைமரை வாங்கினால் போதுமா? சரியாக உட்கார வைக்க வேண்டும்.

கூட்டின் அடியில் அதற்கென்று ஒரு குழி. பழைய கரியைச் சுரண்டிவிட்டுப் புதுப் பிரைமரை அழுத்த வேண்டும். கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிற்க வேண்டும். பெரியவர் ஒவ்வொரு கூட்டின் அடியிலும் விரலைத் தடவினார். விரல் தட்டினால் ஒதுக்கி வைத்தார்.

ஏன் அவ்வளவு கவனம்? சில ரைபிள்கள் தானாகவே அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளும். தள்ளும் வேகத்தில் இரும்பு மூடி வந்து மோதும். பிரைமர் துருத்தியிருந்தால், விசையை இழுப்பதற்கு முன்பே வெடித்துவிடலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கிய காரண்ட் ரைபிளில் ஊசிக்குப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கிடையாது. அது தளதளவென்று ஆடும். அந்த மாதிரித் துப்பாக்கிக்கு மென்மையான பிரைமர் ஆகவே ஆகாது.

கௌபாய் படங்களில் ஒரு ரைபிள் வரும், பார்த்திருப்பீர்கள். குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். தோட்டாக்கள் அதற்குள் ரயில்பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும். ஒன்றின் குண்டு முனை, முன்னால் நிற்பதன் பிரைமர்மேல் இடித்துக்கொண்டிருக்கும். குண்டின் முனை கூராக, கெட்டியாக இருந்தால்? சுடும்போது எழும் உதையில் அதுவே ஊசி ஆகிவிடும்! அதனால்தான் அந்த ரைபிளுக்கு மூக்கு மழுங்கிய குண்டு போடுகிறார்கள்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. சில சமயம் நெருப்பு தாமதித்துப் பிடிக்கும். துப்பாக்கி முனையை ஆளில்லாப் பக்கம் வைத்து அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் புஸ்ஸென்று போன பட்டாசைக் குனிந்து பார்க்கிறார்களே, அதே கதைதான். அங்கே துப்பாக்கி. இங்கே யானை வெடி.

வீட்டுக்குள் வரும் விஷம்

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

பிரைமர்களை வாங்கிய அட்டையிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த அட்டையில் நூறு பிரைமர்கள், ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனிக் குழியில் இருக்கும். அது அழகுக்காக அல்ல. மொத்தமாகக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். கண்ணாடிச் சில்லும் சேர்ந்து பறக்கும். குடியிருக்கும் வீட்டில் 10,000 பிரைமருக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதி.

சுட்ட பிறகும் பிரைமரின் தொல்லை தீராது. இன்று பெரும்பாலான பிரைமர்களில் இருப்பது காரீயம் கலந்த உப்பு. சுட்ட கூட்டுக்குள் அந்தத் தூசு படிந்திருக்கும். பழைய பிரைமரை வெளியே தள்ளும்போது மேஜையில் கொட்டும். கையில் ஒட்டும். சட்டையில் ஒட்டும். அந்தக் கையோடு குழந்தையைத் தூக்கினால்? தரையில் தவழும் பிள்ளை விரலை வாயில் வைத்தால்?

காரீயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு காரீயம் இரத்தத்தில் இருந்தால் பிள்ளைக்குத் தீங்கில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது வைத்தியர்களின் முடிவு. காரீயம் இல்லாத பிரைமரும் வந்திருக்கிறது. ஆனால் அது எங்கும் கிடைப்பதில்லை.

பெரியவர் மேஜையில் காப்பி இல்லை. பிஸ்கோத்து இல்லை. சிகரெட்டு இல்லை. தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைத்தார். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பேத்தி ஓடிவந்தபோதுகூட, "சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்று விலகிப் போனார். கண்ணாடி அணிந்திருந்தார், பார்வைக்காக அல்ல, கண்ணைக் காப்பதற்காக.

தோட்டாவைச் சமையலறை மேஜையில் வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் மன்னிப்பே கிடையாது.

ஒரு கேள்வி கேட்டேன்

கடைசியாக மருந்து நிறுக்கும் வேலை. ஒரு பலகையில் ஐம்பது குழி. ஐம்பது கூடுகள் நின்றன. மேஜைமேல் ஒரே ஒரு மருந்துச் சீசா. வேறு சீசா இருந்தால் கை தவறும் அல்லவா?

நம் தட்டார்களுக்குக் குன்றிமணி எடை. அவர்களுக்குக் 'கிரெயின்' எடை. ஒரு குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அத்தனை நுணுக்கம்.

ஒரு கூட்டில் மருந்து போட மறந்துவிட்டால்? பிரைமரின் நெருப்பு மட்டுமே குண்டைக் கொஞ்சம் தள்ளி, குழலுக்குள் பாதி வழியில் நிறுத்திவிடும். "வெடிக்கவில்லையே" என்று அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். ஒரு கூட்டில் இரண்டு தடவை போட்டுவிட்டாலோ, சொல்லவே வேண்டாம்.

பெரியவர் பாதிக்கு மேல் போட்டுவிட்டார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"இப்படிச் செய்வதால் எவ்வளவு மிச்சமாகும்?" என்று கேட்டேன்.

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். எந்தக் குழி வரை போட்டோம் என்று யோசித்தார் போலிருக்கிறது. யோசனை வந்ததுமே முடிவு செய்துவிட்டார். ஒரு கூட்டை எடுத்தார், மருந்தைச் சீசாவில் கொட்டினார். அடுத்ததை எடுத்தார், கொட்டினார். முப்பது கூட்டையும் கொட்டிவிட்டார்!

"மருந்து போடும்போது பேசக் கூடாதாம், மாமா" என்று தங்கை மகன் என் காதில் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெரியவர் முகம் கோணவில்லை. முதல் குழியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஐம்பதும் முடிந்ததும் கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்தார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நின்றது. சீசாவை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிறகு நாற்காலியைத் திருப்பி என் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இப்போது கேளுங்கள். என்ன கேட்டீர்கள்?" என்றார்.